கோபுரத்தில் உன் பங்கு

அன்பு மகள் எர்மெல்லீனாவுக்கு, லூக்கா நகரிலிருந்து அப்பன் உபால்தோ ஆசி சொல்லி எழுதுவது. நலம், இடுப்பைத் தவிர. செவ்வாய்க்கிழமை நம் குலத்துக் காவல் கோபுரத்தின் ஏணிவாசலில் தொந்தி சிக்கி, மேலும் கீழும் அசைய முடியாமல் நின்றேன். உன் பெரியப்பன் மகன் லோத்தோ, "சித்தப்பா, எதிரி வந்தா கதவே வேணாம், உங்கள நிறுத்தி வெச்சா போதும்" என்றான். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அதோடு போயிற்று. மறுநாள் குலக்கூட்டத்தில் உன் விஷயத்தை எடுத்தேன். "மருமகனப் புதைச்ச மண்ணு காயல, அதுக்குள்ள பிஸ்தோயாவுல புகுந்த வீட்டுக்காரனுங்க என் மகள வெளிய போங்கிறானுங்க. எனக்கு வேற பிள்ள இல்ல. கோபுரத்துல என் பங்கும் வீடும் எனக்கப்புறம் அவளுக்குத்தான்" என்றேன். பழைய குல உடன்படிக்கையை லத்தீனில் வாசித்தார்கள். எனக்குப் புரிந்தது பாதி. வயிறெரிய அது போதும். பெண்ணுக்கு ஒரு கல்லும் கிடையாதாம். கோபுரத்தின் ரகசிய வழியைப் புகுந்த வீட்டில் சொல்லிவிடுவாளாம்!

என்ன அக்கிரமம்! எதிரிகள் நம் கோபுரத்தை வளைத்த அந்த முற்றுகை முடிந்து சமாதானம் பேசியபோது, பதினான்கு வயதுப் பெண்ணை எதிரி வீட்டுக்கே கட்டிக்கொடுக்கச் சொன்னவர்கள் இவர்கள்தானே? அன்றைக்கு நீ குலவிளக்கு, இன்றைக்கு அந்நியமா? "அட மடையனுங்களா, ஒம்பது வருஷத்துல அவ வாய் திறக்கல. அந்த வழிய லோத்தோ குடிச்சிட்டு மதுக்கடையில சொல்லி ஊருக்கே தெரியும்!" என்று கத்தினேன். லோத்தோ முகம் சிவந்தான். பிறகு நிதானமாக, "கோபுரத்தக் காத்தவங்க பங்கு கேக்கட்டும், சித்தப்பா. முற்றுகையில மேலேருந்து எதிரி தலையில கல்லு உருட்டினது நீங்க, உங்களுக்கு மரியாதை. அவ என்ன செஞ்சா? மேல நின்னு வேடிக்கை பாத்தாளா?" என்றான். எல்லோரும் எனக்காகக் கோப்பையை உயர்த்தினார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வார்கள். அதற்குள் வந்துவிடு, கண்ணே. கோவேறு கழுதையும் இரண்டு ஆட்களும் அனுப்பியிருக்கிறேன். நீ எதிரே நின்றால் எனக்கு வாய் வரும். ஆண்டவர் உன்னை வழியில் காக்கட்டும்.

கூட்டத்தில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: அன்று மேலே நின்று கல் உருட்டியவள் நீ, நான் மாவுப்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.