நம் வேதாகமத்தில் இல்லாத அதிகாரம்

கர்த்தருக்குள் அன்பான நைனாவுக்கு,

நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

கம்பெனி உலையில் சின்ன விபத்து. என்மேல் பொறிகூடப் படவில்லை. என் அறையிலிருந்த இருதயராஜ்தான் தவறிவிட்டான், கத்தோலிக்கப் பையன். கும்மிடிப்பூண்டி கல்லறையில் அவன் அம்மா தங்கள் வேதாகமத்தை நீட்டி, "எனுக்கு கண்ணு தெரியல, நீயே படிப்பா" என்றார். மரித்தவர்களுக்காக ஜெபிக்கும் அதிகாரம். நம் வேதாகமத்தில் கிடையாது. அது தேவ ஆவியானவர் அருளியதல்ல என்று நீங்கள் பிரசங்கித்திருக்கிறீர்கள். படித்தேன்.

"எம்புள்ளைக்கு போய் சேரும் இல்ல?"

"சேரும்மா."

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். புத்தகத்தை என்னிடமே விட்டுப்போனார்.

ஒரு போர்வையும் ஊறுகாயும் அனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது. கோபப்படாதீர்கள் நைனா, இருதயராஜின் கட்டிலில் உட்கார்ந்து தினமும் அந்த அதிகாரத்தைத்தான் படிக்கிறேன்.

உங்கள் மகன் எபினேசர்