கிணற்றடி வரைக்கும்

மார்ச் 22, 1818. ஈஸ்டர்.

இன்றும் கிணற்றடி வரைக்கும் நால்வரும் சேர்ந்துதான் நடந்தோம். தெருவெல்லாம் சேறு. கிணற்றடியில் வழக்கம் போல இவரும் மகன் யோஸ்டும் வலப்பக்கம் திரும்பினார்கள், கால்வின் சபைக்கு. நானும் மகள் ஒட்டீலியாவும் இடப்பக்கம், லுத்தர் சபைக்கு. ஆண் பிள்ளை அப்பன் சபை, பெண் பிள்ளை அம்மா சபை என்று கல்யாணத்தின்போதே பெரியவர்கள் பேசி முடித்தது. பத்தொன்பது வருஷமாக ஒரே கூரை, ஒரே உலை, ஒரே படுக்கை. திருவிருந்து மட்டும் வேறு வேறு: அங்கே ரொட்டியைப் பிட்டுக் கையில் தருவார்கள், இங்கே காகிதம் போல மெல்லிசான அப்பத்தை வாயில் வைப்பார்கள்.

பிரியும்போது இவர் சும்மா போகமாட்டார். "உங்க போதகர் இன்னைக்கும் நாக்குல காகிதம் ஒட்டப் போறாரா?"

"உங்க சபையிலதான் ரொட்டியாப் போடுறாங்களே, வயிறு முட்டத் தின்னுட்டு வாங்க. மத்தியானச் சமையல் எனக்கு மிச்சம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன். கோயிலுக்குள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு ஈஸ்டரும் இப்படித்தான்.

ஏப்ரல் 14.

நம் நாட்டில் இரண்டு சபைகளும் ஒன்றாகப் போகின்றனவாம்! சந்தையில் இதே பேச்சு. ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் சரி, வேண்டாம் என்று வாக்குச் சொல்ல வேண்டுமாம். வீட்டுத் தலைவியை யார் கேட்டார்கள்?

இவரிடம் சொன்னேன். செத்துப்போவதற்குள் ஒரு தடவை உங்கள் பக்கத்தில் நின்று திருவிருந்து வாங்க வேண்டும், அது போதும் என்றேன். சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மே 3. ஞாயிறு.

வேண்டாம் என்று சொன்னவர்களைக் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் ஃபெல்டன், என் புருஷன்.

மே 4.

கேட்டே விட்டேன். என்னதான் உங்களுக்குக் கேடு என்று.

"எங்க தாத்தாவோட அப்பா கால்வின் முறைப்படி ரொட்டியப் பிட்டுத் தின்னதுக்காகத்தான் நாட்டை விட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தாரு. அவரு கொள்ளுப்பேரன் வாயத் திறந்துகிட்டு நிக்கணுமா? நான் என்ன பால்குடிப் பிள்ளையா, ஊட்டி விட?"

"நான் பத்தொன்பது வருஷமா வாயத் திறந்துதானே வாங்குறேன்? நான் பால்குடிப் பிள்ளையா?"

சாராயக்கடையில் சபதம் வேறு போட்டிருக்கிறார், ஒன்றான சபையின் மேசையில் திருவிருந்து சாப்பிட்டால் என் பேர் ஃபெல்டன் இல்லை என்று. கொல்லன் ஹென்னர் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறான். அவனுக்கு என்ன ஒரு சந்தோஷம்!

நவம்பர் 15.

எங்கள் சபைப் போதகர் க்ராப் வந்தார். கால்வின் சபைப் போதகர் தள்ளாமையால் மகள் வீட்டோடு போய்விட்டார். இனி ஊருக்கே க்ராப் ஒருவர்தான். 29ஆம் தேதி எங்கள் கோயிலில் இரண்டு சபைக்கும் சேர்ந்து முதல் திருவிருந்தாம். புது மேசையில் ரொட்டிதான், பிட்டுத் தருவாராம். கையில் வாங்குவதும் வாயில் வாங்குவதும் அவரவர் மனசாட்சி. புருஷன் பெண்டாட்டி ஜோடியாகவே வரலாம். ரொட்டியை மட்டும் நான் சுட்டுத் தர வேண்டுமாம்.

"ரெண்டு சபையும் ஒண்ணாக் குடியிருக்கிற வீடு உங்க வீடுதானே, லோனியம்மா" என்றார்.

சரி என்றேன். ஆனால் கையில் வாங்குவதா? பன்றித் தொட்டி கழுவுகிற கை இது. நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இவர் வரப்போவதில்லை. முன்பு கிணற்றடி வரைக்குமாவது கூட வருவார். ஒன்றாக்குகிறோம் என்று வந்து அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். யாரைத் திட்டுவது?

நவம்பர் 28. சனி.

ரொட்டியைப் பாழாக்கினேன். திருவிருந்துக்கு என்றதும் கை தானாகவே புளிப்பு மாவைத் தொடவில்லை. மெல்லிசாகத் தேய்த்து, ஓடு மாதிரி சுட்டு அடுக்கிவிட்டேன். லுத்தர்காரிக்கு வேறென்ன வரும்? தொழுவத்திலிருந்து வந்த இவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னடி இது?"

"ரொட்டி."

"எங்க, பிடு பார்ப்போம்."

பிட்டேன். பொலபொலவென்று தரையெல்லாம் தூள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வராதவருக்கு என்ன கவலை? ஊரே சிரிக்கட்டும், உங்களுக்குச் சந்தோஷந்தானே" என்று கத்தினேன்.

மேல்சட்டையைக் கழற்றினார். "தள்ளு. எங்கம்மா செய்யறதப் பார்த்திருக்கேன்."

வெள்ளை மாவு, புளிப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கை வரைக்கும் மாவோடு பிசைந்தார். சுட்டு ஆறியதும் மேல்தோலைச் சீவி எடுத்து நீள நீளமாக வெட்டினார். "உள்ள நாரு நாரா இருக்கணும். பிடுறப்ப எல்லாருக்கும் தெரியணும், ஒரே ரொட்டியிலேருந்துதான் எல்லாரும் திங்கிறோம்னு."

சொன்னவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் இதுதான் சமயம் என்று கேட்டேன். "நாளைக்கு வருவீங்களா?"

"ரொட்டி சுடறது வேற, வர்றது வேற."

நவம்பர் 29. ஞாயிறு.

என்னோடு கிளம்பவில்லை. குதிரைக்கு லாடம் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமையில் லாடம்! பிள்ளைகள் இருவரும் இன்று என்னோடு. கிணற்றடியில் யோஸ்ட் வலப்பக்கம் திரும்பப் போய், பிறகு திரும்பி வந்தான்.

ஜோடி ஜோடியாக நின்ற வரிசையில் நான் மட்டும் தனியாக நின்றேன். ஒன்று மட்டும் தீர்மானம் செய்திருந்தேன். இவர் வராவிட்டால் போகட்டும். இவர் சுட்ட ரொட்டியை, இவர் வாங்குகிற மாதிரியே கையில் வாங்குவேன். சாம்பலும் வெந்நீருமாகத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்திருந்தது.

மேசைக்கு இரண்டு அடி இருக்கும்போது புகையிலை வாடை வந்தது. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அங்கேயே அழுதிருப்பேன்.

போதகர் எங்கள் இருவரையும் நன்றாகத் தெரிந்தவர். என் வாய்க்கு நேராக ரொட்டியைக் கொண்டுவந்தார். நானோ கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். தடுமாறி அதைக் கையில் வைத்தார். அடுத்த துண்டை இவர் கையில் வைக்கப் போனார். அங்கே கை இல்லை. இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதகர் ஊட்டிவிட்டார்.

வீட்டு வாசலில் வைத்துக் கேட்டார்.

"கையக் கழுவிட்டுத்தான நீட்டின?"

"உங்க வாய்ப் புகையிலை நாத்தத்துல போதகருக்கு மயக்கம் வராம இருந்ததே பெரிசு."

"ம்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைப் பார்க்கப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். லாடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 27. ஞாயிறு.

கொல்லன் ஹென்னர் இன்னும் விடவில்லை. "உன்ன இனிமே என்ன பேரு சொல்லிக் கூப்பிடறது?" என்று எதிர்ப்படும்போதெல்லாம் கேட்கிறான். "லோனி புருஷன்னு கூப்பிடு" என்றாராம் இவர். யோஸ்ட் வந்து சொன்னான்.

நல்ல பனி. கிணற்றடிக்கு வந்ததும் இன்றும் கால் தானாக நின்றுவிட்டது, எனக்கும் இவருக்கும். ஒரு நிமிஷம் அப்படியே நின்றோம்.

"நடடி, குளிருது" என்றார்.

நடந்தோம்.