எழுபத்திரண்டு மணிகள் மிதந்தன

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டுவலி, உன் அத்தானுக்குப் பதவி உயர்வுக் கவலை, எனக்கு எந்நேரமும் அசதி. இவற்றை நாங்கள் நோயில் சேர்ப்பதில்லை.

எங்கள் சோதனைக்கூடத்துக்கு நீ அனுப்பிய உன் புது ரக மக்காச்சோளத்தை மூன்று முறை சோதித்துவிட்டேன். உப்புக்கரைசலில் போட்டால் கெட்டியான மணி மூழ்கும், மாவாக உதிர்வது மிதக்கும். முதல் முறை நூற்றுக்கு எழுபத்திரண்டு மிதந்தன. நீ போனில், "கரைசல்தான் தப்பா இருக்கும்க்கா, புதுசா கலக்கிப் பாரு" என்றாய். கலக்கினேன். எழுபத்து நான்கு. மூன்றாம் முறை எண்ணவே அலுப்பாக இருந்தது. எண்ணினேன்.

ஒரு மணியைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். மாவுச்சத்துத் துகள்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தால்தான் மணி கண்ணாடிபோல இறுகும். உன்னுடையதில் அவை, துறைக் கூட்டத்துக்கு வந்த அதிகாரிகள்போல, ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கின்றன. எண்ணெய்ச் சத்து கூடவேண்டும் என்று எட்டு வருஷம் விதை பொறுக்கியெடுத்தாய்; கூடித்தான் இருக்கிறது. ஆனால் கொழுப்பு முளைக்கருவோடு நின்றுவிடுவதில்லை. மாவுத் துகளிலும் ஒட்டிக்கொண்டு, மணி இறுகுவதிலும் தலையிடுகிறது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

ரக அங்கீகாரத்துக்கான விண்ணப்பத்தில் "கெட்டி ரகம்" என்று எழுதியிருக்கிறாய். எங்கள் இயக்குநர் என்னை அழைத்து, "தம்பி விஷயம்தானேம்மா, மூழ்கினதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டா வானமா இடிஞ்சு விழும்?" என்றார். நல்ல மனிதர், எதிலும் கையெழுத்துப் போடாமலே ஓய்வு பெறப்போகிறவர். வானம் விழாது. மூட்டையில் மணி நொறுங்கும், மூன்றே மாதத்தில் வண்டு விழும், நம் பேச்சை நம்பி விதைத்தவன் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். அவனைப் பார்க்க இயக்குநர் இருக்கமாட்டார்.

எண்ணியதை எண்ணியபடியே போட்டு அறிக்கையைக் காலையிலேயே அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் இதை எழுதியிருந்தால் அதை அனுப்பியிருக்கமாட்டேன்.

மிச்ச விதையைக் கொளுத்தப் போவதாகச் சொன்னாயாம். வேண்டாம்டா. மாவு அரைப்பவர்களுக்கு மிருதுவான மணி பிடிக்கும்; மாவு ரகம் என்று புது விண்ணப்பம் எழுத உனக்குத் தெம்பு வரும்வரை சாக்கு அங்கேயே கிடக்கட்டும்.

என்னிடம் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. அம்மா கூப்பிட்டால் மட்டும் போனை எடு. "அவன் சோளம் எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள். நல்ல சோளம்மா என்றேன். நீயும் அப்படியே சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

எப்போதும் உன்,
அக்கா