எழுந்ததிலிருந்து கேள்

முந்தாநாள் மதியம் நான் என்ன சாப்பிட்டேன்? தெரியவில்லை. நீ இறந்துபோன பிறகு உன் அக்கா கொடுத்தனுப்பிய, ஆய்வுக்கு நீ எடுத்துவரும் எவர்சில்வர் அளவுக் கிண்ணங்களை இன்று மாலை கழுவித் துடைத்தபோது என்னையே கேட்டுப் பார்த்தேன். ஏதோ குழம்பு. என்ன குழம்பு என்பது போய்விட்டது. இந்த லட்சணத்தில், உணவு ஆய்வுகளுக்காக மற்றவர்கள் சாப்பிட்டதைக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. உன்னுடையதும் அதுவாகத்தான் இருந்தது.

சுங்குவார்சத்திரத்தில், கம்பெனிப் பெண்கள் தங்கும் அந்த விடுதி உனக்கு நினைவிருக்கும். நேற்று காலை, மதியம், இரவு என்ன சாப்பிட்டார்கள் என்று நம் படிவத்தில் இருந்தபடியே நான் கேட்டேன். நைட் ஷிஃப்ட் பெண்கள் இட்லி, சாப்பாடு, சப்பாத்தி என்று ஒரே மாதிரி ஒப்பித்தார்கள். நீ மண்ணூர்க்காரி, படித்த படிப்பு உன் பேச்சைத் தொட்டதே இல்லை.

“இன்னாடி, செவுத்துல மாட்டிக்கீற மெனுவ எழுதிக்கினு கீற? இதுங்க துன்னத எப்பக் கேப்ப?” என்றாய். பிறகு ஒரு பெண்ணிடம் திரும்பினாய். “நேத்துன்றத வுடு கண்ணு. ஷிஃப்ட் முடிஞ்சி வந்து தூங்கினியே, எய்ந்ததும் இன்னா வாயில போட்ட?”

“எந்திரிக்கதுக்குள்ள மெஸ்ஸ அடைச்சிட்டாங்கக்கா. ஒரு பாக்கெட் பிஸ்கட். அதுலயும் பாதிய இவ பிடுங்கிட்டா.”

“பொய்யிக்கா! ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தா, கஞ்சப் பிசினாறி.”

திரும்பும் பஸ்ஸில் நாம் சண்டை போட்டோம். எல்லோரையும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஒப்பிட முடியும் என்றேன். “அவளுக்கு நாளே சாயங்காலந்தான் பொறக்குது. எய்ந்ததுலேர்ந்து கேளு, எல்லாருக்கும் ஒண்ணா இருக்கும்” என்றாய். ஞாபகம் அப்போதும் பொய் சொல்லும் என்றேன். “சொல்லட்டும். அவ பொய்யா இருக்கட்டும், மெஸ்ஸோட பொய்யா வாணாம்.”

இப்போது ஒரகடத்தில் ஒரு விடுதியில் புது ஆய்வு. அங்கே எந்த நேரத்தில் சாப்பாடு போட வேண்டும் என்பதை எங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். படிவத்துக்குப் பதில் கேள்விகள் என் போன் திரையில் வருகின்றன. மறுபடியும் அதே காலை, மதியம், இரவு. நைட் ஷிஃப்ட் பெண்களின் பதில்கள் ஓட்டை ஓட்டையாக இருக்கின்றன. ஆய்வை நடத்தும் பேராசிரியர் வயதில் சின்னவர், மரியாதையானவர். “இவங்களை எடுத்துடலாம் மேடம், டேட்டா க்ளீன் ஆயிடும்” என்றார். எடுத்துவிட்டால் மெஸ் நன்றாக நடக்கிறது என்றுதான் முடிவு வரும். விடமாட்டேன் என்றேன். நாளை ஒரு நாள் கொடுத்திருக்கிறார். உன் முறையில் கேட்கப் போகிறேன்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள், “தூக்கம் வருது மேடம்” என்று போய்விட்டார்கள். நியாயம்தான். அவர்கள் எழும் நேரத்துக்கு மீண்டும் போனேன். வார்டன் நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தார். “நான் இருந்தா என்ன மேடம்?” என்றார். வாதாடவில்லை; பெண்களை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். துணி காய்ந்த கொடிகளுக்கு நடுவே, எழுந்ததும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். சிலர் மறுத்தார்கள். மற்றவர்கள் சொன்னார்கள்: டீ, பன், முதல் நாள் சோறு, ஒன்றுமில்லை.

ஒருத்தி கேட்டாள்: “இத எழுதினா நாங்க எந்திரிக்கற நேரத்துக்கு மெஸ்ஸ தொறப்பாங்களா?”

“தெரியாது. எழுதாம விட்டா கண்டிப்பா திறக்க மாட்டாங்க.”

“அப்ப எழுதுங்க. மிக்சர் ஒரு பொட்டலம். கொஞ்சம் கொட்டிட்டேன், அதயும் எழுதணுமா?”

பதில்களை அங்கிருந்தே போனில் அனுப்பினேன். “ரிப்போர்ட்ல இவங்களுக்குத் தனி டேபிள் போட்டுடலாம்” என்று பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. ‘தனியாக இல்லை. எல்லோரோடும்’ என்று எழுதினேன். ‘சரி’ என்று வந்தது.

கீழே நைட் ஷிஃப்டுக்குக் கூட்டிப்போக வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பெண்கள் மெஸ்ஸைத் தாண்டி ஓடினார்கள். அது இன்னும் திறக்கவில்லை.