அக்காவுக்காக நான் சொன்ன பதில்

என் அருமை அக்கா,

நீயும் மாமாவும் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். மாமா ரிட்டயராகி இப்போது என்னோடுதான் இருக்கிறார். நீ வைத்த முருங்கையை அடுத்து வந்தவர்கள் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லவா கடிதம் என்று கேட்பாய். இல்லை அக்கா, நான் செய்த தப்பைச் சொல்ல வந்தேன்.

சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் உன்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேனே, நினைவிருக்கிறதா? மாமாவுக்கு அன்று சுரங்கத்தில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று டாக்டரம்மா உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். நீ எதையோ சொல்ல வாயெடுத்தாய். நான் வழக்கம்போல முந்திக்கொண்டேன்.

"எங்க வூட்ல யாருக்கும் இல்லீங்க."

அப்படியானால் மரபணு டெஸ்ட் இப்போதைக்கு வேண்டாம், செலவும் அதிகம் என்றார் அவர். ஒரு வேலை குறைந்ததே என்று எனக்கு நிம்மதி. நான் வாயை மூடினால் மைன்ஸே ஒரு ஷிப்ட் நின்றுபோகும் என்று கேலி செய்வாயே, அன்றைக்கு ஒரு நிமிஷம் மூடியிருக்கக் கூடாதா?

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. சேத்தியாத்தோப்பு அத்தை மார்பில் புற்று வந்து இறந்தது எனக்குத் தெரியும். ஆனால் அத்தை கட்டிக்கொடுத்த பெண். அவர் இறந்தபோது நமக்கு மூன்று நாள் தீட்டோடு முடிந்தது. அவர் வேறு வீடு என்றே என் மனதில் இருந்தது. அதுவும் அப்பா வழி. பெண்களுக்கு வரும் நோய் அப்பா வழியாகவும் வருமென்று யார் கண்டது? நீ அன்று சொல்ல வந்தது அத்தையைப் பற்றித்தானா? வெளியே வந்தும் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முன்பு அத்தை மகள் செல்வி போன் செய்தாள். அவளுக்கும் உன் நோய்தான், அதே ஆஸ்பத்திரிதான். இப்போதெல்லாம் சினைப்பைப் புற்றுநோய் என்றாலே, குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் ரத்தம் எடுத்து அனுப்பிவிடுகிறார்களாம். செலவுக்கும் அவர்களே வழி செய்கிறார்களாம். அவளுக்கு மரபணுவில் கோளாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற மாத்திரை கொடுக்கிறார்கள். உனக்கும் அந்த மாத்திரை கேட்டிருக்குமோ, நீ இன்னும் எங்களோடு இருந்திருப்பாயோ? டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். கேட்டிருக்கும் என்றும் சொல்ல முடியாது, கேட்டிருக்காது என்றும் சொல்ல முடியாது என்றார்.

செல்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குமரேசா, நம்ம குடும்பத்துல இது இருக்குதாம். நீயும் பாத்துக்க. அக்கா பொண்ணையும் கூட்டிகினு போ." நம்ம குடும்பம் என்றாள் அக்கா. எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என்னிடமும் இருக்கிறது. அப்பா உனக்கும் இதைத்தான் கொடுத்திருப்பார்.

குள்ளஞ்சாவடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் உன் மகள் கயலுக்குப் போனில் சொன்னேன். "அம்மாவுக்கு ஏன் மாமா அப்பவே பாக்கல?" என்றாள். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். உண்மையைச் சொல்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். மறுநாள் லீவு போட்டிருக்கிறேன், அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போக. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அங்கே கேட்டால், அவளே பேசட்டும். அத்தை, நீ, செல்வி, நான் என்று அவள் சொல்லி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்கமாட்டேன் அக்கா.

என்றும் உன் வீட்டுத் தம்பி,
குமரேசன்