மாதாவும் பதினாறு பேரும் கலங்கரை விளக்கமும்

மே 6, ஞாயிறு

மாதா சுரூபம் இன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்பது நாள், மாலைதோறும் செபமாலை. பூ, மெழுகுவத்தி, வருகிறவர்களுக்கு இலையில் மடித்து அவித்த சுமான் அரிசிப் பலகாரம், எல்லாம் தயார்.

அனிசெத்தோ கூரைமேல் இருக்கிறார். கப்பலிலிருந்து வந்து ஐம்பத்தொரு நாள். நான் பேச வாயெடுக்கும் போதெல்லாம் அவருக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டியிருக்கிறது. அவர் வந்துபோகும் தேதிகளைக் குறித்துவைத்த நோட்டைப் பார்த்துக் கூட்டினேன். பதினாறு வருடக் கல்யாணத்தில் அவர் வீட்டில் இருந்தது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நாள். நான்கு வருடம்கூட இல்லை.

பதினைந்தாம் தேதி மணிலா போய் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாராம். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் கைக்கு இங்கே படகு எஞ்சின் வேலை கிடைக்காமலா போகும்?

மே 8, செவ்வாய்

கேட்பதற்கு இடம் கிடைத்துவிட்டது. வடக்கு முனைக் கலங்கரை விளக்கம். கப்பல் திரும்பும்போது சொந்த ஊர் என்று முதலில் கண்ணில் படுவது அந்த வெளிச்சம்தான் என்று ஒவ்வொரு முறையும் போனில் சொல்வார். கூட்டிப் போகிறேன் என்றும் சொல்வார். ஸ்பானியர் காலத்துக் கட்டடம், எங்கே ஓடிவிடப் போகிறது என்பார்.

இன்று விடவில்லை. "சரி, சனிக்கிழமை. நீயும் நானும் மட்டும்," என்றார்.

உச்சியில் நின்று கேட்பேன். அங்கே அடிக்க ஆணி இருக்காது.

மே 9, புதன்

என் வாயை என்ன சொல்ல! செபமாலை முடிந்து அவரவர் வேண்டுதல் கருத்தைச் சொல்லும்போது, சனிக்கிழமைப் பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று மன்றாடிவிட்டேன். அத்தனை தலையும் திரும்பியது.

"மாதாவ வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு நீ ஊர் சுத்தப் போறியா?" என்றாள் மனாங் பூரிஃபிகா, அனிசெத்தோவின் அக்கா.

"பக்கத்து வீட்டுல..."

"ஒம்பது நாள் முடியாம வீடு மாத்துறதா? நல்லாருக்கு! மாதாவும் வரட்டும்."

மாதா வந்தால் துணைக்கு ஆள் வேண்டும். மாதாவுக்கு ஒருத்தி துணை போதுமா? பத்தே நிமிடத்தில் அது திருயாத்திரை ஆகிவிட்டது. ஜீப்னி வண்டிகூடப் பேசியாயிற்று.

மே 11, வெள்ளி

பதினாறு பேர். அனிசெத்தோ சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மே 12, சனி

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது, எட்டேகால் ஆயிற்று. முன் இருக்கையில் மாதா, பிடித்துக்கொள்ள அனிசெத்தோ. கடைசி இருக்கையில் நான், சோற்றுப் பானைக்கும் மனாங்கின் முழங்கைக்கும் நடுவில். வழியில் பசுகின் ஊரில் ரொட்டிக்கு நிறுத்தினார்கள். உப்புக்கு நிறுத்தினார்கள். ஒருத்தியின் சம்பந்தி வீட்டில் நிறுத்தினார்கள். சாப்பிடாமல் அங்கே விடுவார்களா?

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. குன்றின்மேல் செங்கல் கோபுரம். ஒரு தடவைக்கு ஐந்து பேர்தான் ஏறலாம். முதல் படியில் கால் வைத்தேன்.

"நீ எங்க போற? மாதா யார் வீட்டுப் பொறுப்பு?"

"அஞ்சே நிமிஷம், மனாங்."

"காத்து எப்படி அடிக்குது பாரு. விழுந்து உடைஞ்சா உன் தலையிலதான்."

சுரூபத்தை என் கையில் திணித்துவிட்டு அவளே தம்பியோடு ஏறிப் போனாள். அப்புறம் ஐந்து ஐந்தாக எல்லோரும். ஏறினார்கள், படம் எடுத்தார்கள், சிரித்தார்கள். நான் கீழே, வெயிலில். பதினாறு வருடம் காத்தது இதற்கா?

எல்லோரும் இறங்கியதும் முற்றத்திலேயே செபமாலை. பிறகு கருத்துகள். ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்திக்கு மகளின் நர்ஸ் பரீட்சை. என் முறை வந்தது. கை மரத்துப் போயிருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"என் வீட்டுக்காரர் இனிமே கப்பலுக்குப் போகக் கூடாது."

உடனே அத்தனை பேரும், மனாங்கின் குரல் எல்லோருக்கும் மேலே: "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அனிசெத்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நிமிரவே இல்லை. ஊர் முன்னால் அவர் மானத்தை வாங்கிவிட்டேன். மாதாவே, கோபத்தில் கேட்டால் அது மன்றாட்டா, சண்டையா?

மே 13, ஞாயிறு

பேசவில்லை. ஆணிச் சத்தம்கூட இல்லை.

மே 14, திங்கள்

மாதாவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது, "நீ மேல ஏறவே இல்லல்ல?" என்றார்.

"ஏற விட்டீங்களா யாராவது?"

"மேலருந்து பாத்தேன். மாதாவ இடுப்புல வச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டிருந்த."

அதோடு சரி. சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன்.

மே 15, செவ்வாய்

விடியற்காலை பஸ்ஸில் மணிலா போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 27, ஞாயிறு

அந்தக் கப்பல் வெள்ளிக்கிழமையே கிளம்பியிருக்கும், அவர் இல்லாமல்.

இன்று பூசை முடிந்து வந்தால், அடுப்படியில் என் டப்பாக்கள் ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை. எல்லாம் உயர வரிசையில், பேர் எழுதி ஒட்டி, உருண்டு விழாமல் இருக்கக் குறுக்கே கயிறு கட்டி. உப்பைத் தேடவே கால் மணி நேரம்.

"வீடு என்ன ஆடுதா, கயிறு கட்டறதுக்கு?" என்று கத்தினேன்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது," என்றார் அனிசெத்தோ.

அவிழ்த்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் கட்டுவார்.