மிச்சமான ஒரு போல்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், காரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பக்கவாதம் வந்ததிலிருந்து எனக்கு எல்லாமே இடது கைதான், பொறுத்துக்கொள்.

வலது கை விளங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனிடம், "ஷெட்டுல துருப்பிடிச்சுக் கிடக்கிற பழைய காரைக் கழட்டி மாட்டுங்கப்பா, டாக்டர் குடுத்த ரப்பர் பந்தை அமுக்கறதுக்கு இது தேவலை" என்று போனில் நச்சரித்தாயே, அப்போது உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீம்புக்குத்தான் ஆரம்பித்தேன். கதவு, சீட்டு, கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த போல்ட் எந்த இடத்துக்கு என்று பிரித்து அம்மாவின் சமையலறை டப்பாக்களில் போட்டு வைத்தேன். உங்கம்மாவைத்தான் தெரியுமே. ஒரே கிரீஸாக இருக்கிறதே என்று அத்தனையையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஒரே அண்டாவில் கொட்டிவிட்டு, "பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்கிறாள்! மெக்கானிக் ரேடியோ வந்தான், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன், அவனே அண்டாவைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துக்கொண்டான். "சார், பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கையே போய்விட்டது, கார் போனால் என்ன என்று நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். அம்மாதான் விடவில்லை. "போடறதா இருந்தா எங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் போடுப்பா" என்று அவனோடு மல்லுக்கு நின்றாள்.

மறுநாளிலிருந்து அண்டாவைச் சுற்றி ஆளுக்கொரு முக்காலி. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அவள் நீளமும் பருமனும் பார்த்துப் பொறுக்கி எடுத்துத் துளையில் பொருத்திப் பிடிப்பாள், நான் ஸ்பேனரால் முறுக்குவேன். தப்பென்றால் மறுபடி கழற்றுவோம். இப்போது எந்த போல்ட் எங்கே என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும், என்னையே அதட்டுகிறாள். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை பாப்பா. அதற்கே உனக்குக் கோடி நன்றி.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பிவிட்டது. நான் ஓட்டக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு, அதனால் அம்மா ஓட்டினாள், நான் அவளுக்கு இடப்பக்கம். வாசலிலேயே வண்டி உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது. பார்த்தால் பதற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்திருக்கிறாள். அவளைச் சத்தம் போட்டுக்கொண்டே நானே பட்டனை அமுக்கி இறக்கிவிட்டேன். தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது, இறக்கியது என் வலது கை. சொன்னதும் அம்மா வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதாள். நான் மட்டும் சும்மா இருந்தேனா என்ன.

ஒரு போல்ட் மிச்சம். அது எங்கே போக வேண்டும் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, ரேடியோவுக்கும் தெரியவில்லை. நீ வந்து கண்டுபிடி, பத்திரமாக வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிப்போகாதே. மூன்று பேரும் குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசி. கீழே இருப்பதை மட்டும் வலது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருக்கும், சிரிக்காதே.

உன் அப்பா